250 கிராமுக்குக் கீழே: குட்டி ட்ரோன்கள் குறித்த மக்கள் கோரிக்கைச் சாசனம்

தூய்மைப் பணியாளர்கள், தேனீ வளர்ப்போர், விடுதிகளில் தங்கி வேலைக்குப் போகும் பெண்கள், பொறியியல் மாணவர்கள், ஊராட்சி உறுப்பினர்கள் என்று தமிழ்நாட்டின் பல ஊர்களைச் சேர்ந்த நாங்கள் இந்தச் சாசனத்தை ஒன்றிய அரசின் முன்பும் மாநில அரசின் முன்பும் வைக்கிறோம். உள்ளங்கையில் அடங்கி, தானே வழி பார்த்துப் பறக்கும் இயந்திரங்களைப் பற்றியது இது. அவை எங்கே பறந்தாக வேண்டும், எங்கே பறக்கவே கூடாது என்பதை எங்களுக்குள் பேசித் தெளிந்துவிட்டோம். விமானப் போக்குவரத்து ஒன்றிய அரசின் அதிகாரம். காவல்துறையும் உள்ளாட்சியும் மாநில அரசின் அதிகாரம். "அது எங்கள் பொறுப்பில் வராது" என்ற பதிலுக்கு இடமில்லாதபடி, எந்தக் கோரிக்கை யாருக்கு என்று அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

எப்போதோ வரப்போகும் ஒன்றுக்காக இப்போதே பதறுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வுட் குழுவினரின் ரோபோபீ என்ற பூச்சி ரோபோ 2013-ல் கட்டுப்பாட்டோடு பறந்து காட்டியபோது அதன் எடை ஏறக்குறைய 80 மில்லிகிராம். மின்சாரம் மெல்லிய கம்பி வழியே வந்தது. 2019-ல் அதன் அடுத்த வடிவம் கம்பியே இல்லாமல், ஒளித் தகடு தந்த மின்சாரத்தில் எழும்பியது. ஒரு நொடிகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 2025 தொடக்கத்தில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் செய்த, ஒரு கிராமுக்கும் குறைவான பூச்சி ரோபோ சுமார் 17 நிமிடம் காற்றில் நின்றது. அதற்கும் மின்சாரம் கம்பி வழியாகத்தான் போயிற்று. ஆகவே பூச்சி அளவு இயந்திரம் தெருவுக்கு வர இன்னும் சில ஆண்டுகள் பிடிக்கலாம். அதைவிடச் சற்றே பெரியவை வந்தாயிற்று. நார்வேயில் உருவான, 16 கிராம் எடையுள்ள பிளாக் ஹார்னெட் ட்ரோனை 2013-லேயே பிரிட்டிஷ் வீரர்கள் ஆப்கானிஸ்தானில் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்க்கப் பயன்படுத்தினார்கள். 2019-ல் சூரிச், பொலோன்யா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 27 கிராம் ட்ரோன் ஒன்றில் ஒரு கணினிச் சில்லைப் பொருத்தினார்கள். வெளியிலிருந்து எந்தக் கணினியும் வழிகாட்டாமல், கேமராவில் தெரிந்ததை வைத்து அது தானே திசை திரும்பிப் பறந்தது.

முதல் கோரிக்கை ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு: ட்ரோன்களை எடையை மட்டும் வைத்துப் பிரிப்பதை நிறுத்துங்கள். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை உள்ளவை 'நானோ'. அவற்றுக்கு வகைச் சான்று தேவையில்லை, இயக்குபவருக்கு உரிமம் தேவையில்லை, மூன்றாம் நபர் காப்பீடும் தேவையில்லை. தலையில் விழுந்தால் எவ்வளவு காயம் என்ற கணக்கு மட்டும்தான் என்றால் இந்தச் சலுகை பொருந்தும். வேவு பார்க்கும் கணக்கில் அது தலைகீழாகிறது. எடை குறையக் குறையக் கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் குறைகின்றன. பிடிபடும் வாய்ப்பும் குறைகிறது. ஆகவே மூன்று கேள்விகளை வைத்துப் பிரியுங்கள். கேமராவோ ஒலிவாங்கியோ இருக்கிறதா? மனிதர் கை இல்லாமல் தானே பறக்குமா? கூட்டமாக இயங்குமா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும், எடை 20 கிராமே ஆனாலும், வகைச் சான்று கட்டாயமாக வேண்டும். சான்று தேவையில்லை என்றால், அந்த இயந்திரத்தின் சார்பில் முடிவெடுக்கும் மென்பொருளைச் சோதித்துப் பார்க்க யாருமே இல்லை என்று பொருள். கூட்டத்தை ஒரே இயந்திரமாகக் கணக்கிட்டு மொத்த எடைக்கு விதி வையுங்கள். 2022 ஜனவரியில் டெல்லியில் முப்படைகளின் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் 1,000 ட்ரோன்கள் ஒன்றாக வானில் நின்றதை நாடே பார்த்தது. ஒன்றொன்றாக எண்ணி ஒவ்வொன்றுக்கும் விலக்கு தரும் விதி அந்தக் காட்சிக்கு முன்பே பழையதாகிவிட்டது.

இரண்டாவதும் அதே அமைச்சகத்துக்கு: பறக்கும் ஒவ்வொரு கருவியும் தன் பதிவு எண்ணை வானொலி அலையில் அறிவித்தபடி பறக்க வேண்டும். கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்தால் யாருடையது என்று காவலருக்கும், பதிவு உள்ளதா இல்லையா என்றாவது பொதுமக்களுக்கும் தெரிய வேண்டும். இருப்பிடத்தை உடனுக்குடன் தெரிவிக்கும் கருவி, தடை செய்த எல்லைக்குள் நுழையாமல் தடுக்கும் வேலி போன்ற பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பின்னர் அறிவிக்கலாம் என்று 2021 விதிகளே இடம் வைத்திருக்கின்றன. அறிவித்த பிறகும் ஆறு மாத அவகாசம் உண்டு என்கின்றன. அப்படியென்றால் அறிவிப்பை ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் எங்களுக்கு ஒரு நாள் நட்டம். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. வாங்கிச் சேர்த்து வீட்டு மேசையிலேயே பொருத்திவிடலாம். அப்படிப் பொருத்திய ட்ரோனும் எண் இல்லாமல் வெளியே பறக்கக் கூடாது. பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகையை விற்கும் கடை, வாங்குபவரின் பெயரைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். சிம் கார்டு விற்கும் கடையில் இன்று நடப்பதுதான் இது.

மூன்றாவது, வீடு. கிராமத்தில் கொல்லைப்புறம் ஓலைத் தட்டியாலோ சிமெண்டு சாக்காலோ நான்கு பக்கமும் மறைத்து, மேலே கூரை இல்லாமல் ஒரு குளியல் மறைப்பு இருக்கும். ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, துவைக்கிற கல், தட்டியின் மேல் போட்ட மாற்றுப் புடவை. தெருவில் போகிறவரின் கண்ணைத் தடுக்கத்தான் அந்தத் தட்டி. மேலிருந்து ஒரு கண் வரும் என்று கட்டியவர் நினைத்ததில்லை. நகரத்திலும் நான்காவது மாடி விடுதி அறை, ஜன்னலைத் திறந்து வைத்து உறங்குகிற இடம். ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை அவள் அறியாமல் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி ஏற்கெனவே குற்றம். புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாநில அரசிடம் நாங்கள் கேட்பது ஓர் உத்தரவு: ட்ரோன் எட்டிப் பார்த்ததாகப் புகார் வந்தால், ஓட்டியவர் யாரென்று புகார் தருபவர் நிரூபிக்க வேண்டியதில்லை, முதல் தகவல் அறிக்கையை அன்றே பதிவு செய்து, கருவியையும் அதன் நினைவகத்தையும் தேடிக் கைப்பற்றுவது காவல்துறையின் வேலை. ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கெனப் பயிற்சி பெற்ற ஓர் அதிகாரி வேண்டும்; அவர் பெண்ணாக இருப்பது நல்லது. காணொளி ஒரு மணி நேரத்தில் ஊரெல்லாம் பரவிவிடும். புகாரை வாங்கவே மூன்று நாள் அலைய விடுவதை இனி எங்களால் ஏற்க முடியாது. ஆண்களும் குழந்தைகளும் இதே பாதுகாப்புக்குள் வரும்படி அந்தப் பிரிவைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. அடுத்த கூட்டத்தொடரிலேயே அதைச் செய்யலாம்.

காவல்துறைக்கும் இதே அளவுகோல்தான். 2023-ல் சென்னை அடையாறில் காவல்துறை தனக்கென ஒரு ட்ரோன் பிரிவைத் தொடங்கியது. கடற்கரையில் நீரில் மூழ்குபவரைக் காப்பாற்றவும் நெரிசலில் கூட்டத்தைக் கவனிக்கவும் அது பயன்பட்டால் எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆனால் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு வீட்டையோ ஒரு நபரையோ தொடர்ந்து கண்காணிக்க நீதித்துறை நடுவரின் எழுத்து அனுமதி வேண்டும். எந்த நாளில், எந்தப் பகுதியில், எதற்காகப் பறந்தது என்ற பட்டியலை மாதந்தோறும் வெளியிட வேண்டும். வழக்கில் சேராத காட்சிகளை 30 நாளில் அழிக்க வேண்டும். போராட்டக்காரர்களின் முகங்களைக் கணினியில் ஒப்பிட்டு அடையாளம் காணும் வேலைக்கு இவற்றைப் பயன்படுத்தவே கூடாது. 2024 பிப்ரவரியில் ஷம்பு எல்லையில் போராடிய விவசாயிகளின் தலைமேல் ஹரியானா காவல்துறை ட்ரோனிலிருந்து கண்ணீர்ப் புகைக் குண்டுகளை வீசியது. தமிழ்நாட்டில் அது நடக்காது என்று உறுதி தர வாய்மொழி போதாது. காவல் நிலையாணையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஒரு வரி எழுத எவ்வளவு காலம் ஆகும்?

ஆயுதம் குறித்து நாங்கள் பேசுவது ஒன்றிய வெளியுறவு அமைச்சகத்திடம். முகத்தை அடையாளம் கண்டு தானே துரத்திக் கொல்லும் உள்ளங்கை அளவு ட்ரோன்களின் கூட்டத்தை, 'ஸ்லாட்டர்பாட்ஸ்' என்ற குறும்படம் 2017-ல் காட்டியது. அதன் பின்னணியில் இருந்தவர் செயற்கை நுண்ணறிவுப் பாடநூலை எழுதிய பேராசிரியர் ஸ்டூவர்ட் ரஸ்ஸல்; ஜெனீவாவில் ஐ.நா. கூட்டத்தின்போது அது திரையிடப்பட்டது. அந்தப் படத்தில் வந்த இயந்திரம் கற்பனைதான். அதன் உறுப்புகள் ஒவ்வொன்றும் இன்று தனித்தனியே இருக்கின்றன. 2024 செப்டம்பர் தொடக்கத்தில் மணிப்பூரில் ஒரு கிராமத்தின் மீது ட்ரோன்கள் குண்டு போட்டபோது, இந்த ஆயுதம் அரசுகளின் கையோடு நிற்காது என்பதும் தெரிந்துவிட்டது. 2023 டிசம்பரில், தானே முடிவெடுத்துக் கொல்லும் ஆயுதங்கள் பற்றிய தீர்மானம் ஐ.நா. பொதுச் சபைக்கு வந்தபோது 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை நான்கு, அவற்றில் ஒன்று இந்தியா. அந்த நிலைப்பாட்டை மாற்றுங்கள். 2026-க்குள் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கை வேண்டும் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் கேட்டிருக்கிறார். அதை எழுதும் மேசையில் இந்தியா முன்வரிசையில் உட்கார வேண்டும். மனிதர் ஒருவர் முடிவெடுக்காமல் மனித உயிரைப் பறிக்கும் எந்த இயந்திரமும் இந்நாட்டில் தயாராகக் கூடாது, விற்கவும் கூடாது. தமிழ்நாடு சட்டமன்றம் இதே பொருளில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றி டெல்லிக்கு அனுப்பலாம். அதற்கு ஒரு நாள் அமர்வு போதும்.

இனி, இந்த இயந்திரங்கள் எங்கே வர வேண்டும் என்பது. எல்லாவற்றுக்கும் முன்பாக அவை மேன்ஹோலுக்கு வரட்டும். கடப்பாறையால் மூடியை நெம்பித் திறந்ததும் அழுகிய முட்டை வாடை அடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடின் வாடை அது. அளவு மிகும்போது அந்த வாயு மோப்ப நரம்பையே மரத்துப்போக வைக்கிறது. வாடை நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர் ஏணியிலேயே மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் மேலே வருவதில்லை. கையால் மலம் அள்ளும் தொழிலுக்கான தடைச் சட்டம் 2013-ல் வந்தது. சாக்கடைக் குழியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது என்று மீண்டும் சொன்னது. இத்தனைக்குப் பிறகும் இறக்குகிறவர்கள் சொல்லும் காரணம், அடைப்பு எங்கே இருக்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்பது. அந்தக் காரணத்தைப் பறக்கும் இயந்திரம் முடித்து வைக்கும். வாயுவை மட்டும் அளக்கக் கயிற்றில் கட்டி இறக்கும் அளவியே போதும், அதை இன்றே எல்லா ஊர்களுக்கும் கொடுக்கலாம். இரண்டு மேன்ஹோல்களுக்கு நடுவே குழாய் எங்கே உடைந்திருக்கிறது, எங்கே வேர் நுழைந்திருக்கிறது என்று பார்க்கத்தான் கேமராவும் விளக்கும் கொண்ட, கூண்டுக்குள் சுழலும் ட்ரோன் வேண்டும். சுவிட்சர்லாந்தின் ஃபிளையபிலிட்டி நிறுவனத்தின் கூண்டு ட்ரோன்கள் சாக்கடைகளுக்குள் பறந்து இந்த வேலையைச் செய்கின்றன. அவை அளவிலும் விலையிலும் பெரியவை; நம் ஊரின் குறுகிய குழாய்களுக்கு ஏற்ற சிறியதை நம் கல்லூரிகளே செய்யட்டும்.

இதில் இரண்டு நிபந்தனைகள் எங்களுக்கு முக்கியம். குழிக்குள் மீத்தேனும் தேங்கியிருக்கும். சாதாரண மோட்டாரின் ஒரு தீப்பொறி போதும், குழி வெடிக்கும். ஆகவே தீப்பொறி எழாத கருவி என்று சான்று பெறாத எதையும் மூடிக்குக் கீழே இறக்கக் கூடாது. முதலில் வாயுவை அளந்து, காற்றுப் போக்கிய பிறகே ட்ரோன். அடுத்தது வேலை. குழிக்குள் இத்தனை காலம் இறங்கியவர்தான் அந்தக் கருவியை இயக்கும் ஆளாக வேண்டும். எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். கழிவுநீர் அகற்றும் வாகனங்களைத் தூய்மைப் பணியாளர்களுக்கே உரிமையாக்கும் வழியைத் தமிழ்நாடு அரசு 2024-ல் தொடங்கியிருக்கிறது. ட்ரோனையும் அதே வழியில் கொடுங்கள். ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டுப் பழைய ஆட்களைத் தெருவில் நிறுத்தினால், நோயை மாற்றி வேறு நோயைக் கொடுத்ததாகும். மாநகராட்சிகளில் தொடங்கி ஓராண்டுக்குள் எல்லா நகராட்சிகளுக்கும் இது போய்ச் சேர வேண்டும். இங்கே தாமதத்தின் விலை ஓர் உயிர். அந்த விலையைக் கட்டுகிறவர்கள் ஒரு சில சாதிகளிலிருந்தே வருகிறார்கள் என்பதை அரசும் அறியும், நாடும் அறியும்.

தீயணைப்புத் துறைக்கும் இவை வேண்டும். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். இடிபாட்டில் யார் எங்கே உயிரோடு இருக்கிறார் என்று தெரியாமல், எந்தத் தளத்தை முதலில் தூக்குவது என்று மீட்பவர்கள் தவிக்கும் நேரத்தில், விரலிடை போன்ற இடுக்கில் நுழைந்து வெப்பப் படம் அனுப்பும் கருவி பேருதவி. மாவட்டத்துக்கு இரண்டு, மாதம் ஒரு முறை ஒத்திகை. இதற்கு மேல் இதில் விவாதிக்க எதுவுமில்லை.

தேனீக்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ரோபோ தேனீக்கள் மகரந்தம் சேர்க்கும் என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. 2017-ல் ஜப்பானில் குதிரை முடியும் பசையும் ஒட்டிய ஒரு சிறு ட்ரோனைக் கையால் இயக்கி லில்லி மலர்களுக்கு மகரந்தம் சேர்த்துக் காட்டினார்கள். 2018-ல் இதற்கான வால்மார்ட் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பமே வெளியானது. ஒரு மலருக்கு ஓர் ஆள் ட்ரோன் ஓட்டும் இந்த வேலையை, மார்த்தாண்டத்தில் வைத்த ஒரு பெட்டியின் அடுக்குத் தேனீக்கள் காலை வெயில் ஏறுமுன்னே ஆயிரக்கணக்கில் முடித்துவிடும். தேனும் மெழுகும் தரும். தன் இனத்தைத் தானே பெருக்கிக்கொள்ளும். போடி மலை ஏலத்தோட்டங்களில் காய் பிடிப்பது தேனீக்களால்தான். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் வந்து தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. காலிப் பெட்டிகளோடு நின்றவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அதிலிருந்து எழுந்துதான் மார்த்தாண்டம் தேன் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஆகவே மகரந்த ரோபோவுக்கு ஒரு ரூபாய்கூடப் பொதுப்பணம் போகும் முன், உள்ள தேனீயைக் காப்பாற்றுங்கள். இமிடாக்ளோபிரிட், தயாமீதாக்சாம், குளோதியானிடின் என்ற பூச்சிக்கொல்லிகள் மூன்றையும் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தடை விதித்தது. இங்கே பூக்கும் பருவத்திலாவது நிறுத்துங்கள். அதைவிட அவசரம் ஒன்று உண்டு: மருந்து தெளிக்கும் பெரிய ட்ரோன்கள் வயல்களுக்கு வந்துவிட்டன. அவை தெளிக்கும் நாளை 48 மணி நேரம் முன்பே சுற்றுவட்டத் தேனீ வளர்ப்போருக்குக் குறுஞ்செய்தியில் தெரிவிக்க வேண்டும், பெட்டியை மூடி நகர்த்த அவ்வளவு நேரம் பிடிக்கும். வேளாண் துறை நினைத்தால் அடுத்த பருவத்துக்குள் இது நடக்கும்.

வேடந்தாங்கல், கூந்தன்குளம் போன்ற பறவைச் சரணாலயங்களில் கூடு கட்டும் மாதங்களில் எந்த அளவு ட்ரோனும் பறக்கத் தடை வேண்டும். வனத்துறையின் கணக்கெடுப்புக்கும் அது பொருந்தும். விழுந்து தொலைந்த கருவிகளின் லித்தியம் மின்கலம் குளத்தில் கிடந்து ஊறக் கூடாது. எத்தனை போயின, எத்தனை திரும்பின என்ற கணக்கை இயக்கியவர் தர வேண்டும். திரும்பாத ஒவ்வொன்றுக்கும் கட்டணம் விதியுங்கள்.

தானே பறக்கும் இயந்திரம் ஒருவரைக் காயப்படுத்தினால் யார் பொறுப்பு? இயக்கியவர் "நான் கையை வைக்கவே இல்லை" என்பார். தயாரித்தவர் "நாங்கள் விற்றதோடு சரி" என்பார். இருவரும் சேர்ந்தே பொறுப்பு என்று விதியில் எழுதுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு முதலில் இழப்பீடு. இருவரில் யார் எவ்வளவு என்ற வழக்கை அவர்கள் பிறகு நடத்திக்கொள்ளட்டும். தற்போதைய விதிகளின்படி அதிகபட்ச அபராதம் ஒரு லட்சம் ரூபாய். ஒரு பெரிய நிறுவனத்துக்கு அது செலவுக் கணக்கில் ஒரு வரி. விற்பனை வருமானத்தின் விழுக்காடாக அபராதத்தை மாற்றுங்கள்.

இவ்வளவு கட்டுப்பாடு கேட்கும் நாங்கள் இந்தக் கருவிகளின் எதிரிகள் அல்லர். எங்களில் பலர் அவற்றைச் செய்கிறவர்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் ஆளில்லா விமானச் சோதனை மையம் அமைக்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. அங்கே அரசு பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் கட்டணமின்றி ஒதுக்குங்கள். சான்று பெறும் வழி சென்னை, டெல்லி நிறுவனங்களுக்கு மட்டும் எட்டுவதாக இருந்தால், திருநெல்வேலியில் மேன்ஹோல் ட்ரோன் செய்யும் மாணவி பாதியில் நின்றுவிடுவாள். விண்ணப்பம் தமிழில் இருக்க வேண்டும். முடிவு 30 நாளில் வர வேண்டும்.

விதித் திருத்தங்களுக்கு ஒன்றிய அமைச்சகத்துக்கு ஆறு மாதம் தருகிறோம். காவல் நிலையாணைக்கும் உள்ளாட்சி உத்தரவுகளுக்கும் மாநில அரசுக்கு மூன்று மாதம். பதில் எழுத்தில் வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்பா மறுப்பா, பொறுப்பான அதிகாரி யார், முடிக்கும் தேதி எது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். நகலை எல்லா ஊராட்சிச் செயலர்களுக்கும் அனுப்புங்கள். அடுத்து வரும் கிராம சபையில் அதை வாசித்து, எங்கள் ஊரின் மேல் எது பறக்கலாம் என்ற தீர்மானத்தை அன்றே எடுக்கிறோம்.